பாய்லர் அறைக்குப் போட்ட பாட்டு

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நீ எனக்குச் செய்தது துரோகம். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். நீ அனுப்பிய பாட்டு என் புத்தகத்தைக் கெடுத்துவிட்டது.

நவம்பரில் உன்னிடம் என்ன கேட்டேன்? எழுத உட்கார்ந்தால் மனம் நாலு பக்கம் ஓடுகிறது, ஆலையில் பாட்டுப் போடும் மைக் அறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள் நீ, வேலை செய்யும்போது பின்னால் எது ஓடினால் கவனம் நிற்கும் என்று உனக்குத் தெரியும், ஒன்று பார்த்து அனுப்பு என்றேன். நீயும் உன் மகளை விட்டு ஒரு பிளேயரில் ஏற்றி அனுப்பினாய். புல்லாங்குழல், மழைச் சத்தம், தூரத்தில் ஏதோ தந்தி மீட்டுகிற சத்தம். அதில் வார்த்தையும் கிடையாது, தாளமும் கிடையாது. "இதைக் கேட்டுக்கொண்டே எழுது, மனம் சிதறாது" என்று சீட்டு வேறு.

சிதறவில்லை. அது உண்மை. நான்கு மாதத்தில் ஐந்து அத்தியாயம் முடித்து அச்சகத்துக்காரரிடம் கொடுத்தேன். அவர் நேற்று கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஐயா, நடை நல்லா இருக்கு. ஆனா படிச்சு முடிச்சா யாரு மேலயும் கோவம் வரலையே. பாய்லர் தானா வெடிச்ச மாதிரியும் அந்த மனுஷன் தானா செத்த மாதிரியும் இருக்கு. இதுக்கு எதுக்குங்க ஒரு புஸ்தகம்?"

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். மேனேஜரைப் பற்றி "அவருக்கும் சில சங்கடங்கள் இருந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறேன். நான் எழுதியிருக்கிறேன்! அந்த ஆளுடைய சங்கடத்தை! "துரதிர்ஷ்டவசமாக" என்ற சொல் ஐந்து அத்தியாயத்தில் பத்தொன்பது இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்துநான்கு வருஷமாக அடுப்பில் வைத்துக் காத்த கோபம் அது. நீ நாலு மாதத்தில் மழைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டாய்.

எதற்காக எழுதுகிறேன் என்பது உனக்கு மறந்துபோனது போலத் தெரிகிறது. பாய்லருக்குக் கரி போட்டவன், பந்தியில் பரிமாறுவதுபோல் சிந்தாமல் சிதறாமல் போடுகிறான் என்று நாம் "கரண்டி" என்று கூப்பிட்டவன், என் சிநேகிதன், வேலை நேரத்தில் தூங்கிப்போனான், அதனால்தான் பாய்லர் வெடித்தது என்று விசாரணையில் எழுதினார்கள். அதோடு விட்டார்களா? புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் அவன் கதையைத்தான் இன்றுவரை பாடமாக வாசிக்கிறார்கள். அவன் மகள் அதே ஆலையில் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். இப்போது அவளுக்குப் பதவி உயர்வு. ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து அந்த வகுப்பை நடத்த வேண்டியவள் அவள். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று தன் அப்பாவைப் பற்றி அவள் வாயாலேயே வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் என் புத்தகம் அச்சில் வந்து அந்த மேஜைமேல் இருக்க வேண்டும்.

பிளேயரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

உறையைத் தொட்டதுமே கை சுட்டது. உன் கோபம் எங்கேயும் போகவில்லை, பயப்படாதே. தபாலில் வருகிற வழியெல்லாம் புகைந்துகொண்டேதான் வந்திருக்கிறது.

துரோகம் என்றாயே, கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார். முதலில் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டு எழுதினாய். என்ன ஆயிற்று? நீயும் கூடப் பாடி, பல்லவி முழுவதையும் இரண்டாம் அத்தியாயத்தில் எழுதிவைத்தாய். பிறகு ரேடியோ. பாய்லரின் அளவைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் "மாலையில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்புண்டு" என்று எழுதியதை எனக்கு நீயே அனுப்பினாய். நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதனால்தான் வார்த்தை இல்லாததாக அனுப்பினேன்.

சரி, உண்மையைச் சொல்கிறேன். அண்ணி போன் செய்தாள். "உங்கண்ணன் எழுதும்போது மேஜையைக் குத்துறாரு, மூக்குல ரத்தம் வந்துச்சு, எனக்குப் பயமா இருக்கு"ன்னு அழுதாள். டாக்டர் உன் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தார். நான் பாட்டில் குறைத்தேன். இதுதான் நான் செய்த துரோகம். ஊர் கூட்டித் தண்டனை கொடு.

பாட்டே இல்லாமல் எழுதேன். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கரண்டி அண்ணனின் மகளைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

தங்கை


மார்ச் 16

தங்கச்சிக்கு,

உங்கள் அண்ணி போன் செய்தாள் என்றால் நீ அவளிடம் பேசியிருக்க வேண்டும். என் பேனாவிடம் பேசியிருக்கக் கூடாது.

பாட்டே இல்லாமல் எழுது என்கிறாய். எனக்கு அமைதி என்பது கிடையாது. வலது காது போய் இருபது வருஷம். இடது காதில் இரவும் பகலும் ஒரு விசில். பின்னால் ஏதாவது ஓடினால்தான் அது அடங்கும். பத்து நாளாக என்னென்னவோ வைத்துப் பார்த்தேன். மின்விசிறி போதவில்லை. எதிர்வீட்டுத் தச்சர் ரம்பம் போடும்போது எழுதினால் நன்றாக வருகிறது, ஆனால் அவர் பதினொரு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறார். "என் கூட நாலு வார்த்த பேசுங்களேன், அதுல வராத கோவமா?" என்கிறாள் உங்கள் அண்ணி. அதையும் வைத்துப் பார்த்தேன். கோபம் வந்தது, எழுத்து வரவில்லை.

இப்போது எனக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஆலையில் என்ன பாட்டு ஓடிற்றோ, அது வேண்டும். தொழிலாளிக்குக் கவனம் வரும், கை வேகமாக ஓடும் என்று ஷெட்டுக்கு ஷெட்டு ஒலிபெருக்கி கட்டி நாள் முழுக்க ஓடவிட்டார்களே, அதைக் காதில் வைத்துக்கொண்டு எழுதினால் என் பேனா மழுங்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் ஆறாம் அத்தியாயம் நகரவில்லை. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றது, தண்ணீர் வற்றியது, தகடு பழுத்தது, வெடித்தது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பம்பு நின்றதுகூடக் கேட்காமல் தூங்கியிருக்கிறான் என்பது அவர்கள் கட்சி. அவனைத் தூக்கும்போது கையில் மண்வாரி இருந்தது. தூங்குகிறவன் மண்வாரியைப் பிடித்துக்கொண்டா தூங்குவான்? அவன் விழித்துத்தான் இருந்தான். அப்படியானால் ஏன் கேட்கவில்லை? கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறவன் இல்லை அவன். முதுகு அதன் பக்கம் திரும்பியிருக்கும். காதால்தான் வேலை செய்வான். அந்தப் பம்பைப் பராமரித்தவன் நான். அதன் தாளம் ஒரு அடி பிசகினாலே எனக்கு ஆள் அனுப்புவான். பாய்லர் அறையில் பாட்டும் கிடையாது. அவன் கேட்டுக்கொண்டதால் ஒரு மாதம் முன்னாலேயே அங்கிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் கம்பியை நானே அவிழ்த்துப் போட்டேன்.

அவன் காது எப்படித் தவறியது? இதற்குப் பதில் எழுதாமல் ஆறாம் அத்தியாயம் இல்லை. ஆறாம் அத்தியாயம் இல்லாமல் புத்தகம் இல்லை.

அன்று ஓடிய பாட்டை அனுப்பு. உன்னிடம் இல்லாவிட்டால் பெயரையாவது எழுது.

அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை என்ன போட்டேன் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? தினமும் பத்துப் பன்னிரண்டு ஒலிநாடா மாற்றியவள் நான்.

நினைவில் வந்ததைத் தேடி மகள் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். இதுவாகத்தான் இருக்கும். பிளேயரையே மறுபடி அனுப்புகிறேன். உடைத்துவிடாதே.

மாத்திரை சாப்பிடுகிறாயா?

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

இது அந்தப் பாட்டு இல்லை. உனக்கும் தெரியும், இது அந்தப் பாட்டு இல்லை என்று.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். பின்கட்டில் வீடு பூச வாங்கிய மணல் மிச்சம் கிடக்கிறது. பிளேயரைச் சுவரில் மாட்டிவிட்டு மண்வாரியை எடுத்து அள்ளிப் போட்டேன். எழுபத்துநான்கு வயதில். தச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், புதையலா?" என்றார். "இல்லய்யா, இலக்கியம்" என்றேன். பத்துத் தடவை அள்ளுவதற்குள் கால் பின்னிக்கொண்டது. நீ அனுப்பியது மூன்று மூன்றாக அடிக்கிறது. மூன்று அடிக்கு எவனாவது கரி அள்ளுவானா? அன்று ஓடியது பேண்டு வாத்தியம். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று அடிக்கும். பம்பு அடிப்பதுபோலவே இருக்கும். கரண்டி அதற்கு மண்வாரி வீசினால் கால் மணி நேரம் மூச்சு வாங்காது. அவ்வளவு எனக்கே ஞாபகம் இருக்கும்போது, போட்டவளுக்கு ஞாபகம் இல்லையா?

யாரை ஏமாற்றுகிறாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே. முதலில் கோபத்தை அணைக்கும் பாட்டு. அது பலிக்கவில்லை என்றதும் பொய்ப் பாட்டு. உனக்கு நான் எழுதுவது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? அந்த மேனேஜர் உனக்கு நல்ல சான்றிதழ் கொடுத்து வேறு வேலைக்கு அனுப்பினார் என்பதற்காகவா? விசாரணையில் உன்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் என்ன சொன்னாய் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. தங்கை என்று கேட்கவில்லை. அது என் முட்டாள்தனம்.

நேற்று கரண்டியின் மகள் வந்தாள். வாசிக்கப் போகிற தாளைக் காட்டினாள். ஒன்றரைப் பக்கம். அப்பாவின் பெயர் வருகிற இடத்தில் பென்சிலால் சின்னதாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். "எதுக்கும்மா இந்தக் கோடு?" என்றேன். "அந்த எடத்துல நிறுத்திக்கணும் மாமா. அங்க தண்ணி குடிச்சுக்கலாம்னு" என்றாள்.

உண்மையை எழுது. எழுதமாட்டேன் என்றால் அதையாவது எழுது. பதில் வராவிட்டால் எனக்குத் தங்கை இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணா,

தங்கை இல்லை என்று எழுதிவிட்டாய். சரி. தங்கை இல்லாதவள் எழுதுகிறேன், கேள். இனிமேல் பூசி மெழுக எனக்கும் தெம்பு இல்லை.

அன்று காலை ஆலையைச் சுற்றிப் பார்க்க வெளியூர் விருந்தினர் வந்தார்கள். எட்டரை மணிக்கு மேனேஜர் ஒரு சீட்டு அனுப்பினார். பாய்லர் அறைப் பெட்டியை மறுபடி இணைக்க வேண்டும், விருந்தினர் போகும்வரை நிறுத்தக் கூடாது, சத்தம் கூட்டி வைக்க வேண்டும் என்று. எலக்ட்ரீஷியன் போய்க் கம்பியை மாட்டினார். கரண்டி அண்ணனோடு வேலை பார்த்தவனை நாற்காலி தூக்கக் கூட்டிப்போய்விட்டார்கள். அவர் தனி ஆள்.

ஒன்பது மணிக்கு அவர் மைக் அறை ஜன்னலுக்கு வந்தார். முகமெல்லாம் கரி.

"தங்கச்சி, அந்தப் பொட்டிய ஊமையாக்கேன். பம்பு என்ன பேசுதுன்னே தெரியல."

"மேனேஜர் உத்தரவுண்ணே. நிறுத்தினா என் வேலை போயிடும்."

"உன் வேலை போக வேணாம். பாட்டையாவது மாத்து. இந்தப் பொம்பள அழுறது காதை அடைக்குது."

அப்போதுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஆமாம், நீ. அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டில் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "பாய்லர்க்காரங்க தினமும் என்னைத் திட்டுறாங்கண்ணா, எந்தப் பாட்டப் போட்டா இடைஞ்சலா இருக்காது?" என்று கேட்டேன். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "அந்த பேண்டு வாத்தியத்தப் போடு. பம்பு அடி மாதிரியே இருக்கும். காதுக்கு உறுத்தாது."

அதைத்தான் போட்டேன். கரண்டி அண்ணன் பாய்லர் அறை வாசலில் நின்று மண்வாரியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "இது நல்லாருக்கு! பம்போட ஒத்துப் போவுது!" என்றார்.

ஒத்துப் போனதுதான் வினை. வேறு எந்தப் பாட்டாக இருந்திருந்தாலும் அடியில் பம்பு இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பம்பு நின்ற பிறகும் பாட்டு பம்பு மாதிரியே அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே கரி அள்ளியிருக்கிறார். பத்து மணி பத்து நிமிஷம்வரை.

விசாரணையில் "பாய்லர் அறைப் பெட்டி இணைப்பில் இருந்ததா?" என்று கேட்டார்கள். "தெரியாது" என்றேன். அதற்குள் கம்பியை மறுபடி அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஆம் என்றால் அடுத்த கேள்வி, எந்தப் பாட்டு, ஏன் அந்தப் பாட்டு என்பது. பம்பைப் பராமரித்தவனும் நீ, பாட்டைச் சொன்னவனும் நீ. உன் கழுத்தில்தான் கயிற்றை மாட்டியிருப்பார்கள். உனக்கு இரண்டு கைப்பிள்ளைகள். செத்தவர் திரும்பி வரப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன். அது தப்புக் கணக்கு. அவர் மகளுக்கு அன்று ஆறு வயது. நீ எழுதியிருக்கிற அந்தப் பென்சில் கோடு நான் போட்டது.

இப்போது தெரிகிறதா உனக்கு ஏன் தாளமே இல்லாத பாட்டாகப் பொறுக்கி அனுப்பினேன் என்று? ஒரு அடி கேட்டால் உனக்குப் பம்பு ஞாபகம் வரும். பம்பு வந்தால் பாட்டு வரும். பாட்டு வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும். நான் உன் கோபத்தை அணைக்கவில்லை அண்ணா. அது திரும்பி உன்னைச் சுடாமல் பார்த்துக்கொண்டேன். ஊரில் எல்லார் முதுகையும் பார்க்கிற உனக்கு உன் முதுகு தெரியவில்லை. அதைக்கூட நான்தான் முப்பத்துநான்கு வருஷம் மூடி வைக்க வேண்டியிருந்தது. அதற்குக் கிடைத்த பட்டம், மேனேஜரின் ஆள்!

நாடா என்னிடம்தான் இருக்கிறது. மேனேஜரின் சீட்டும், கையெழுத்தோடு. இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன். எரித்தாலும் சரி, எழுதினாலும் சரி. இனி உன் பாடு.

தங்கை


ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

நாடாவைக் கேட்டேன். தச்சரிடம் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. முதல் வரி முடிவதற்குள் என் கை மேஜையில் பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் அடிக்கச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என் பேச்சுத்தான். போன கடிதத்தில் அதே வார்த்தையை நானே எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

உன்மேல் என் கோபம் குறையவில்லை. கூடியிருக்கிறது. என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்? என் தப்பை எனக்குத் தெரியாமல் பொட்டலம் கட்டிப் பரண்மேல் வைக்க உனக்கு யார் உரிமை தந்தது? முப்பத்துநான்கு வருஷம் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவன் மகளிடம் "யார் உங்கப்பனக் கொன்னான்னு நான் கண்டுபிடிக்கிறேம்மா" என்று சவடால் அடித்திருக்கிறேன். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதை நான் எந்த முகத்தோடு குடித்தேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நீ என்னைக் காப்பாற்றவில்லை. என்னைக் கேனயனாக்கினாய்.

மேனேஜரின் ஆள் என்று எழுதியது தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றது எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாம் அத்தியாயம் எழுதிவிட்டேன். பின்னால் எதுவும் ஓடவில்லை. காதில் விசில் மட்டும். அது போதும் என்று தெரிந்துகொள்ள இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். மறுத்துப் பேசாதே.

நீ உன் கடிதத்தில் எழுதியதையே, என்னைத் திட்டியதையும் சேர்த்து, பெயரும் பதவியும் போட்டு, இரண்டு சாட்சி வைத்து, வாக்குமூலமாக எழுதி மே பத்துக்குள் அனுப்ப வேண்டும். விசாரணையில் "தெரியாது" என்று சொன்னது பொய் என்பது அதில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

அச்சகத்துக்காரர் முதல் ஐந்து அத்தியாயத்தையும் கிழித்துப்போட வேண்டும். சொல்லிவிட்டேன். புதிதாக எழுதித் தருகிறேன். மேனேஜரின் சீட்டை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே படம் பிடித்து அட்டையில் போட வேண்டும்.

மேனேஜர் உயிரோடுதான் இருக்கிறார். எண்பத்தாறு வயது. ஒரு பிரதி அவருக்குப் போக வேண்டும். தபாலில் இல்லை, நான் கொண்டுபோவேன். அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

ஆலை அந்த ஒன்றரைப் பக்கத்தைத் திருத்தி, திருத்தியதைக் கேட்டின் உள்ளே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் நான் கேட்டுக்கு வெளியே ஒட்டுவேன்.

உங்கள் அண்ணி இனி உனக்கு போன் செய்து என் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அவளிடமும் சொல்லியாகிவிட்டது. மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை.

நாளைக் காலை நான் கரண்டியின் வீட்டுக்குப் போக வேண்டும். அவன் பெண்டாட்டி முன்னால், மகள் முன்னால், எந்தப் பாட்டு, யார் சொன்ன பாட்டு என்று என் வாயால் சொல்ல வேண்டும். இதற்குத் துணை வேண்டாம். வெளியே போ என்றால் போவேன். தண்ணீர் கொடுத்தால் குடிக்கமாட்டேன்.

கரண்டியின் மகள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவள் செய்ததெல்லாம் போதும்.

ஜூன் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நீ இங்கே இருக்க வேண்டும். முந்தின நாளே பஸ் ஏறு. அந்த வகுப்பில் நம் இருவருக்கும் இடம் தர வேண்டும் என்று அவளிடம் கேட்கப்போகிறேன். நாடாவை நீ போட வேண்டும், அன்று போட்ட அதே சத்தத்தில். நான் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு பலகையில் பம்பின் அடியைத் தட்டிக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திவிடுவேன். பாட்டு முடிந்ததும், எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று புதிதாக வந்த ஆட்களிடம் அவள் கேட்க வேண்டும். எல்லாரும் இளங்காது, ஒருவன்கூடத் தூங்கியிருக்கமாட்டான். பதில் சொல்லட்டும், பார்க்கிறேன்.

அண்ணன்